நீரை நிலத்துள் இறக்கும் முறை: கோலார் தங்கவயல் தரும் பாடம்

கோலார் ஜில்லாவில் வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. ஆண்டொன்றுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிறது. ஆகவே முன்னோர் பள்ளங்கள்தோறும் ஏரிகளைத் தொடராக அமைத்து, ஒன்றின் மிகைநீர் அடுத்ததைச் சேருமாறு செய்தனர். தங்கவயலின் சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நீர் அளித்து வந்ததும் பாலாற்றின் மீதமைந்த பேத்தமங்கலம் ஏரியே.

இப்பிரதேசத்தின் அடிநிலம் கடினப் பாறையாகும். மேலே சிறிதளவு மண், அதன்கீழ்ச் சிதைந்த பாறை, அதற்கும் கீழே பிளவுகள். நீர் தங்குவதற்கு இவையன்றி வேறு இடமில்லை. இவற்றின் கொள்ளளவு குறைவாதலால், இறைத்த நீரை ஆண்டுதோறும் மழையே ஈடுசெய்தல் வேண்டும்.

அவ்வாறு ஈடுசெய்வது நிலப் பராமரிப்பைப் பொறுத்தது. சரிவின் போக்கிலேயே உழுத நிலத்தில் மழைநீர் உழவுசால் வழியே விரைந்தோடி, மேல்மண்ணையும் வாரிச் செல்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுது வரப்பிட்டாலோ, நீர் தயங்கி நின்று மண்ணில் ஊறுகிறது. வாரிச் சென்ற மண் ஏரியில் வண்டலாகப் படிந்து, அடிப்பரப்பின் நுண்துளைகளை அடைத்துக் கசிவைத் தடுக்கிறது. அதனை எடுத்து வயலில் இடுவதால் ஏரிக்கும் வயலுக்கும் ஒருங்கே நன்மை உண்டாகும். ஆழ வேரூன்றும் தைல மரங்கள் மண்ணின் ஆழத்து ஈரத்தையும் உறிஞ்சுவன. அவற்றைப் புதிதாகப் பயிரிடுவதைக் கர்நாடக அரசு 2017ஆம் ஆண்டில் தடை செய்தது.

நீரின் அளவு குறையுமிடத்து அதன் தன்மையும் கெடுதல் இயல்பு. மேல்நீர் வற்றியதும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்படுகின்றன. ஆழத்தில் நெடுங்காலம் பாறையைத் தொட்டு நிற்கும் நீரில் புளூரைடு மிகுந்து காணப்படுதல் உண்டு. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பற்களில் கறை படியும், நாளடைவில் எலும்புகளும் பாதிக்கப்படும். காய்ச்சுவதால் புளூரைடு நீங்காது என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு வலியுறுத்த வேண்டும். புதிய மழைநீர் நிலத்துள் இறங்கிக் கலப்பின் அதன் செறிவு தணியும்.

எனினும் நீரை எவ்விடத்திலும் இறக்கலாம் என்று எண்ணுவது தவறு. தங்கவயலில் நூறாண்டுக்கு மேல் நடைபெற்ற சுரங்கத் தொழில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நின்றது. பொடியாக்கிய தாதுவைச் சயனைடு கரைசலில் இட்டுத் தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண், இன்றும் குன்றுகளாக நிற்கிறது. வெயிலிலும் காற்றிலும் சயனைடு காலப்போக்கில் பெரிதும் சிதைவுறும். ஆனால் தாதுவில் உள்ள உலோகங்கள் சிதைவதில்லை. இத்தகைய மண்ணில் கந்தகம் கலந்த தாதுத்துகள் இருப்பின், அவை காற்றும் ஈரமும் பட்டு அமிலமாகி உலோகங்களைக் கரைக்கவும் கூடும். எனவே குன்றின் அடிவாரத்தில் கசிவுக் குட்டை வெட்டுவது, கிணற்றுக்கு மாசினை வலிய அனுப்புவதாகும். அங்குச் செய்யத்தக்கது வேறு: குன்றின்மேல் புல்லும் செடியும் வளர்த்து மண்ணைப் பிணித்தல், சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மழைநீரைக் குன்றில் படாமல் விலக்குதல், குன்றிலிருந்து வழியும் நீரைத் தனியே தடுத்து நிறுத்துதல். கசிவுக் குட்டைகள் குன்றுகளுக்கு மேற்புறமான தூய சரிவுகளிலேயே அமைதல் வேண்டும்.

பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளை நிரப்பும் பணி 2018ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே ஓர் ஏரியில் நுரை எழுந்ததால் உயர்நீதிமன்றம் அதனைச் சிலகாலம் நிறுத்திவைத்தது. ஏரி நிரம்புதல் ஒன்று, நிரப்பும் நீர் தக்கதாயிருத்தல் மற்றொன்று என்பதற்கு இஃது சான்று.

களப்பணியாளர் கிராமந்தோறும் ஒரு கிணற்றைத் தெரிந்தெடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து குறித்து வருவாராக. அந்நீரை ஆண்டுக்கு இருமுறையேனும் பரிசோதனைக்கு அனுப்புவதும் அவசியம். பள்ளி மாணவர் இவ்வளவைக் கரும்பலகையில் வரைபடமாக எழுதி வந்தால், தம் ஊர் நிலத்தின் நிலையை ஊராரே அறிந்துகொள்வர்.