415 கிலோமீட்டருக்கு எதற்கு ஒன்றேகால் மணி நேரம்?

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். டெல்லிக்கு சுமார் 1,755. தூரம் நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம், டெல்லிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நேரம் இரண்டரை மடங்குகூட இல்லை.

டிக்கெட்டில் போடுவது வானில் இருக்கும் நேரத்தை மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்ந்ததும் கணக்கு தொடங்கிவிடும். போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நின்ற பிறகுதான் முடியும். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். கிளம்பிய பிறகும் நேரே ஊரைப் பார்த்துப் போக முடியாது. விமானம் எதிர்க்காற்றில் ஏறுவதுதான் வழக்கம். கிழக்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் மதுரை விமானமும் கடல் பக்கமாகத்தான் கிளம்பும். ஏறிய பிறகே தெற்கே திரும்பும்.

ஏ320 ரக ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் 35,000 அடிக்கு ஏறவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்கவோ சுமார் 190 கிலோமீட்டர் முன்பே தொடங்க வேண்டும். மதுரைப் பயணத்தில் பெரும்பகுதி ஏற்றமும் இறக்கமுமாகவே போய்விடும். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் விமானம் இதே தடத்தில் கால் மணி நேரம்தான் கூடுதலாக எடுக்கிறது என்றால், காரணம் இதுதான்.

ஜெட் விமானத்துக்கு மனக்கணக்கு ஒன்று உண்டு. தூரத்தை 800 ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். மதுரைக்கு 1 மணி 11 நிமிடம், டெல்லிக்கு 2 மணி 52 நிமிடம் வரும். உள்நாட்டுப் பயணத்துக்குத் திட்டமிட இது போதும்.

இந்தக் கணக்கு பிசகுவது காற்றால். டெல்லிக்கும் குவாஹாட்டிக்கும் இடையே 1,455 கிலோமீட்டர். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல்கூடக் காற்று வீசும். குவாஹாட்டிக்குப் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது முன்னால் நின்று தடுக்கும். ஒரே வழி, ஒரே விமானம், ஆனாலும் திரும்பி வர அரை மணி நேரம்வரை கூடுதலாகும். டெல்லியில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இதை மறக்கவே கூடாது.

குறுந்தூரத்துக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னை–பெங்களூரு வான்வழியில் சுமார் 270 கிலோமீட்டர்தான். விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குப் போக வேண்டும். இறங்கியதும் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் வர 35 கிலோமீட்டர் சாலைப் பயணம் வேறு. வந்தே பாரத் ரயில் சுமார் நாலரை மணி நேரத்தில் நகரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. இந்தத் தடத்துக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன்.