பலெர்மோவில் அகப்பட்ட சீரிஸ்

சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் நார்மன் மன்னர்களின் பழைய அரண்மனை ஒன்று இருக்கிறது. அதன் கோபுரத்தின் மேல் 1790-இல் ஒரு வானாய்வகம் எழுந்தது. பொறுப்பாளர் ஜுசெப்பே பியாட்ஸி, கத்தோலிக்கப் பாதிரியார். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டனிடம் செய்வித்துக் கொண்டுவந்த கருவிதான் அவருடைய பலம்: செங்குத்தாக நிற்கும் ஐந்தடி விட்டமுள்ள வட்டம், அதன் நடுவே தொலைநோக்கி. விளிம்பில் வெட்டிய கோடுகளை நுண்ணோக்கியால்தான் படிக்க முடியும். அந்தக் கருவியை இன்றும் அதே கோபுரத்தில் பார்க்கலாம்.

பியாட்ஸி புதுக் கோள் எதையும் தேடவில்லை. விண்மீன் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். ஒரே விண்மீனைப் பல இரவுகள் திரும்பத் திரும்ப அளப்பது அவர் வழக்கம். 1801 ஜனவரி 1 அன்று ரிஷப ராசியில் ஒரு மங்கலான புள்ளியை அளந்தார். மறுநாள் அது கொஞ்சம் தள்ளி நின்றது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வேறு கருவியாக இருந்தால் அளவுப் பிழை என்று விட்டிருப்பார்கள். ஜெர்மனியில் ஒரு குழுவே கூடி இப்படியொரு கோளைத் தேடத் திட்டம் போட்டிருந்தபோது, தேடாதவர் கையில் அது அகப்பட்டது. சலிக்காமல் அளந்தவருக்குக் கிடைத்த கூலி என்றே சொல்வேன்.

பிப்ரவரி 11-க்குப் பிறகு நோயும் மேகமும் குறுக்கிட்டன. அதற்குள் சீரிஸ் என்று பெயர் பெற்ற அந்தப் புள்ளி சூரிய ஒளியில் மறைந்துவிட்டது; பஞ்சாங்கக்காரர்கள் அஸ்தங்கதம் என்பார்களே, அந்த நிலை. கையில் இருந்தது 41 நாள் கணக்கு, அதாவது முழுச் சுற்றில் ஒரு துணுக்கு. அதை வைத்து 24 வயது ஜெர்மன் கணித அறிஞர் கவுஸ் முழுப் பாதையையும் கணித்தார். அவர் காட்டிய பக்கத்தில் டிசம்பர் 31 இரவு வானியலாளர் ஃபான் ஸாக்கும், மறுநாள் இன்னொரு வானியலாளரான ஓல்பர்ஸும் அதைக் கண்டார்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, பூமி இருப்பதைப்போல் சுமார் 2.77 மடங்கு தொலைவில் சூரியனைச் சுற்றுகிறது சீரிஸ். ஒரு சுற்றுக்கு 4.6 ஆண்டு. பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு 10 டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கிறது.

பாதை ஒரே ஆண்டில் வசப்பட்டது. தன்னைத்தானே சுற்றும் வேகம் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. தொலைநோக்கியில் சீரிஸ் போன்ற சிறுகோள் வெறும் புள்ளி. அது சுழல்வது எப்படித் தெரியும்? ஒளி கூடிக் குறைவதைக் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்குபோலக் கோணலான சிறுகோள் சுழலும்போது, அகன்ற பக்கம் திரும்புகையில் பளிச்சிடும், குறுகிய பக்கம் திரும்புகையில் மங்கும். சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள சீரிஸோ ஏறத்தாழ உருண்டை. ஒளி மாறுவது மிகச் சொற்பம். 20-ஆம் நூற்றாண்டின் ஒளிமானிகள்தான் விடை தந்தன: 9 மணி 4 நிமிடம். 2015 மார்ச்சில் டான் விண்கலம் அருகிலேயே போய்ச் சேர்ந்தது. சீரிஸின் அச்சு சுமார் 4 டிகிரிதான் சாய்ந்திருப்பதால், துருவப் பள்ளங்கள் சிலவற்றில் வெயிலே படுவதில்லை. அங்கே பனிக்கட்டி இருப்பதை டான் காட்டியது.

நம் பக்கத்திலும் இந்தச் சிறுகோள் வேட்டை நடந்தது. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 1861-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இந்தக் கண்டத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் அதற்கு ஆசியா என்று பெயர். வரிசை எண் 67. சூரியனைச் சுற்ற அதற்கு மூன்றே முக்கால் ஆண்டு, தன்னைச் சுற்ற ஏறக்குறைய 16 மணி.