எல்லாம் ஓடுகிறது, செயலி மட்டும் இறங்கவில்லை

வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில் செய்தித்தளங்கள் திறக்கின்றன, வாட்ஸ்அப் செய்திகள் வந்து சேர்கின்றன, யூடியூப் காணொளிகூடத் தடங்கலின்றி ஓடுகிறது. ஆனால் பிளே ஸ்டோரில் ஒரு செயலியை நிறுவ முயன்றால் மட்டும், பதிவிறக்கம் நிலுவையில் இருப்பதாகக் காட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் அதே கைபேசியில் அதே செயலி சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. இக்கோளாற்றுக்குப் பரவலாகச் சொல்லப்படும் பரிகாரங்கள் பிளே ஸ்டோரின் தற்காலிகச் சேமிப்பை அழிப்பதில் தொடங்கி, கூகுள் கணக்கை நீக்கிச் சேர்ப்பதைக் கடந்து, கைபேசியையே ஃபேக்டரி ரீசெட் செய்வதில் முடிகின்றன. மொபைல் டேட்டாவில் செயலி இறங்கிய அக்கணமே கைபேசியின் மீதான ஐயம் பெருமளவு நீங்கிவிடுகிறது என்பதால், இப்பரிகாரங்கள் நோயில்லாத உறுப்புக்கு மருந்திடும் வகையைச் சேர்ந்தவை.

பயனர் ஒரே கடையாகக் காணும் பிளே ஸ்டோர், பின்னணியில் பல சர்வர்களின் கூட்டு வேலையாகும். செயலிகளின் பட்டியல், மதிப்புரைகள், சின்னங்கள் ஆகியவற்றை ஒரு வகை சர்வர்கள் தருகின்றன. நிறுவவேண்டிய கோப்பு வேறு முகவரியிலிருந்து, பல சமயங்களில் பிராட்பேண்ட் நிறுவனத்தின் வலையமைப்புக்கு உள்ளேயே கூகுள் வைத்திருக்கும் சேமிப்பு சர்வரிலிருந்து வருகிறது. கூகுளின் அறிவிப்புகளைக் கைபேசிக்குக் கொண்டுவரும் இணைப்போ வழக்கமான இணையப் போக்குவரத்துக்குரிய 443-ஆம் போர்ட்டைத் தவிர 5228 முதல் 5230 வரையுள்ள போர்ட்களையும் பயன்படுத்துகிறது. போர்ட் என்பது ஒரே இணைய முகவரியில் வெவ்வேறு சேவைகளைப் பிரித்தறிய உதவும் எண். ஆகவே கடை திறக்கிறது, ஆனால் சரக்கு வரவில்லை என்ற நிலையில் முரண் ஏதுமில்லை. இரண்டும் ஒரே பாதையில் வருவதில்லை என்பதே அதன் பொருள்.

ஆய்வைத் தொடங்கும் முறை எளியது. வீட்டிலுள்ள மற்றொரு கைபேசி அதே வைஃபையில் அதே செயலியை இறக்க முடிகிறதா என்றும், கோளாறுள்ள கைபேசி வேறொரு வீட்டின் வைஃபையில் ஒழுங்காக இயங்குகிறதா என்றும் பார்த்துவிட்டால், பிழை கைபேசியிலா, ரவுட்டரிலா, அதற்கும் அப்பாலா என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். ஒரு கைபேசி மட்டும் அடம்பிடித்தால், அந்த வைஃபையைக் கட்டண அளவுள்ள இணைப்பாகக் குறித்துவைத்த அமைப்பு, டேட்டா சேவர், விபிஎன், தவறான தேதி, நிரம்பிய சேமிப்பிடம் ஆகியவற்றைச் சோதிப்பது போதுமானது. இப்பகுதியில் மர்மம் அதிகமில்லை. எல்லாக் கைபேசிகளும் ஒருசேரத் திணறும்போதுதான் விஷயம் சுவையாகிறது.

இணையத்தில் எந்தக் கோப்பும் முழுதாகப் பயணம் செய்வதில்லை. பாக்கெட் எனப்படும் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. ஒரு இணைப்பு ஒரே தடவையில் சுமக்கக்கூடிய மிகப்பெரிய பொதியின் அளவு எம்டியூ எனப்படும். ஈத்தர்நெட் வலையமைப்பில் இது 1500 பைட். ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பல பிராட்பேண்ட் இணைப்புகள், ஃபைபர் வழியே வருபவை உட்பட, 1999-இல் ஆவணப்படுத்தப்பட்ட பிபிபிஓஇ என்ற முறையில் இயங்குகின்றன. இம்முறை ஒவ்வொரு பொதியின் தலையிலும் 8 பைட் அளவுக்குத் தன் குறிப்பை எழுதிவிடுவதால், பயனருக்கு எஞ்சுவது 1492 பைட் மட்டுமே. கைபேசிக்கு இது தெரியாது. அது வைஃபையின் 1500 பைட் அளவை நம்பி, தன்னால் அவ்வளவு பெரிய பொதியை ஏற்க முடியும் என்று தொலைவிலுள்ள சர்வரிடம் அறிவித்துவிடுகிறது. சர்வரும் அவ்வாறே அனுப்ப, பிராட்பேண்ட் நிறுவனத்தின் வாசலில் அந்தப் பொதி, தாழ்வான ரயில்வே பாலத்தின் முன் வந்து நிற்கும் வைக்கோல் லாரியைப் போல, மேலே நகர வழியின்றிப் போகிறது. சிறிய பொதிகள் இருசக்கர வாகனங்களாகத் தடையின்றிப் போய்வருகின்றன.

இத்தகைய நிலைக்கு இணையத்தை வடிவமைத்தவர்கள் 1990-லேயே தீர்வு வகுத்திருந்தனர். பெரிய பொதியைக் கடத்த முடியாத ரவுட்டர் அதைக் கைவிட்டுவிட்டு, இன்ன அளவுக்குள் அனுப்புக என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி வகைச் செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பதே அது. ஐசிஎம்பி என்பது வலையமைப்புக் கருவிகள் தம்முள் கோளாறுகளைத் தெரிவித்துக்கொள்ளும் மொழி. பாதுகாப்பு என்ற பெயரில் இச்செய்திகளை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவைக்கும் ஃபயர்வால்கள் இன்றும் உள்ளன. தடுத்தவருக்கு அதனால் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம், மற்றவருக்கு விளையும் தொல்லை பெரிது. செய்தி வந்துசேராத சர்வர் அதே பெரிய பொதியை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது, அது மீண்டும் மீண்டும் காணாமற்போகிறது, யாருக்கும் பிழைச் செய்தி தெரிவதில்லை. வலையமைப்புப் பொறியாளர்கள் இதைக் கருந்துளை என்றே அழைக்கின்றனர்.

யூடியூப் ஓடுவதால் இணைப்பு நலமாக இருக்கிறது என்ற முடிவு பிழைபடுவதும் இதனால்தான். யூடியூப் பெரும்பாலும் க்விக் என்ற புதிய பரிமாற்ற முறையைப் பயன்படுத்துகிறது. 2021-இல் தரநிலையான இம்முறை, குறைந்தது 1200 பைட் கொண்ட பொதியோடு தொடங்கி, பாதை தாங்கும் என்று சோதித்த பின்னரே அளவைக் கூட்டுவதால், 1492 என்ற வரம்பில் அது முட்டிக்கொள்வதில்லை. மொபைல் டேட்டாவில் சிக்கல் எழாததற்கும் காரணம் உண்டு: அந்த வலையமைப்பு தன் அளவைக் கைபேசிக்கே நேரடியாகத் தெரிவிக்க முடியும்.

இதைக் கண்டறியக் கணினி ஒன்றிருந்தால் போதும். பிங் என்ற சோதனைக் கட்டளையைத் துண்டாக்காதே என்ற நிபந்தனையோடு இயக்கி, 1472 பைட் அனுப்பிப் பார்க்கவேண்டும். அதனோடு சேரும் தலைப்புகளின் 28 பைட்டைக் கூட்டினால் 1500 ஆகும். 1472 செல்லாமல் 1464 செல்லுமானால், பாதையின் வரம்பு 1492 என்பது உறுதியாகிறது. அவ்வாறு இருப்பதே குற்றமில்லை. அதை ரவுட்டர் அறிந்திருக்கிறதா என்பதே கேள்வி. ரவுட்டரின் வான் (WAN) எனப்படும் வெளியிணைப்பு அமைப்புப் பக்கத்தில் எம்டியூ 1500 என்றிருந்தால் 1492 ஆக மாற்றவேண்டும்; எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற வசதி இருந்தால் அதை இயக்கவேண்டும். பின்னது, கைபேசி சர்வரிடம் சொல்லும் அளவை ரவுட்டரே வழியில் திருத்தி, தலைப்புகள் நீங்கலான 1460 என்ற இடத்தில் 1452 என்று எழுதிவிடும் ஏற்பாடாகும். நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியை வெறும் பாலமாக மாற்றிவிட்டுச் சொந்த ரவுட்டரில் பிபிபிஓஇ விவரங்களை இட்டுக்கொண்ட வீடுகளில் இந்த அமைப்பு விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

அடுத்த ஐயத்துக்குரியது ஐபிவி6. இது பழைய ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துவந்ததால் புழக்கத்துக்கு வந்த நீண்ட முகவரி முறை. ரவுட்டர் இவ்வகை முகவரியை வீட்டுக் கருவிகளுக்கு வழங்கிவிட்டு, அதன் வழியான போக்குவரத்தோ நிறுவனத்தின் எல்லையிலேயே அறுந்துகிடந்தால், பிரவுசர்கள் இரு முகவரிகளையும் சில நூறு மில்லிவிநாடி இடைவெளியில் முயன்று, பதில் தந்ததைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுகின்றன. எல்லாச் செயலிகளும் அத்தனை சாமர்த்தியமானவை அல்ல. ஐபிவி6 பாதையில் இடையிலுள்ள ரவுட்டர்கள் பொதிகளைத் துண்டாக்கவே கூடாது என்பது விதியாதலால், மேலே சொன்ன கருந்துளை இங்கே இன்னும் ஆழமானது. ரவுட்டரில் ஐபிவி6-ஐச் சிறிது நேரம் அணைத்துப் பார்ப்பது நல்ல சோதனை, ஆனால் நிலையான தீர்வாக அதை அப்படியே விட்டுவிடுவது சோம்பேறித்தனம்.

முகவரிப் பெயர்களை எண்களாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையும் குற்றவாளியாகலாம். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் ஒன்றை ரவுட்டரிலோ, 2018-இல் வெளியான ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பிலோ இட்டிருப்பவர்கள், அதன் தடைப்பட்டியல் பதிவிறக்க சர்வரின் பெயரையும் விழுங்கியிருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகின்றனர். 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற பொதுச் சேவைக்கு மாற்றியதும் செயலி இறங்கினால் இரண்டு விளக்கங்கள் சாத்தியம்: முந்தைய டிஎன்எஸ் பெயரைத் தடுத்திருக்கலாம், அல்லது அது சுட்டிய சேமிப்பு சர்வரே பழுதாகியிருந்து புதிய டிஎன்எஸ் வேறொன்றைச் சுட்டியிருக்கலாம்.

இவை எவற்றிலும் சிக்காத கோளாறு வீட்டுக்கு வெளியே உள்ளது. ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பொருள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய போர்ட்கள் தீர்ந்தால் புதிய இணைப்புகள் மட்டும் நின்றுபோகும். அதை நிறுவனமே சரிசெய்ய இயலும். வாடிக்கையாளர் சேவையிடம் நெட் வேலை செய்யவில்லை என்று புகார் தந்தால், வேகச் சோதனை ஒன்றைச் செய்யச் சொல்லிப் புகாரை முடித்துவிடுவர். 1472 பைட் செல்லவில்லை, 1464 செல்கிறது என்றோ, ஐபிவி6-ஐ அணைத்தால் சரியாகிறது என்றோ எழுத்தில் தந்தால், அது அடுத்த நிலைப் பொறியாளரை எட்டும் வாய்ப்பு கூடும். இடைப்பட்ட காலத்தில் அவசரத்துக்கு ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏபிகே கோப்பை இறக்கி நிறுவுவது, வங்கிச் செயலி உள்ள கைபேசியில் செய்யத்தக்க காரியமன்று; மொபைல் டேட்டாவில் சில மெகாபைட் செலவிடுவது அதைவிட மலிவு.

ரவுட்டரின் ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்துவதற்கு முன் பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும், ஏனெனில் அவையும் அழிந்துவிடும். பிறகு கேபிள்காரர் வந்து மீண்டும் பதியும்வரை செயலி மட்டுமன்றி எதுவுமே இறங்காது. திருத்திய அமைப்புகளையும் ஒரு தாளில் குறித்துவைப்பது பயன்தரும். நிறுவனம் தந்த பெட்டிகள் பலவும் டிஆர்-069 என்ற முறையில் தொலைவிலிருந்தே நிர்வகிக்கப்படுகின்றன. நள்ளிரவில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்து எம்டியூவைப் பழையபடி 1500-க்குக் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும்.