ஸவாதின் வாய்க்கால்கள்

இராக் பாழானதற்குக் காரணம் யாதென வகுப்பில் வினவினால், மாணவர் ஒரே குரலில் ஹூலாகுவின் பெயரைச் சொல்வர். கி.பி. 1258இல் பக்தாதில் நிகழ்ந்த கொடுமையை மறுப்பாரில்லை. ஆயினும், அந்நாட்டின் வயல்களும் ஊர்களும் அதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே மெலியத் தொடங்கிவிட்டன. இதை நாம் கற்பிப்பதில்லை.

தஜ்லா, ஃபுராத் நதிகள் பாயும் வண்டல் நிலத்தை அரபிகள் 'ஸவாத்' என்றனர். கருமை என்பது பொருள். பாலையிலிருந்து வருவோர் கண்ணுக்குப் பேரீச்சந்தோப்புகள் கருநிறமாய்த் தோன்றின. மழை அரிதான அங்கே வாய்க்காலே உயிர். உமர் (ரலி) அவர்கள் அந்நிலத்தைப் படைவீரர்க்குப் பங்கிடாது, உழுவோர் கையிலேயே விட்டு, அளந்து கராஜ் எனும் நிலவரி விதிக்கச் செய்தார்கள். ஹாரூன் ரஷீதுக்காகக் 'கிதாபுல் கராஜ்' எழுதிய காழி அபூ யூசுஃப், பெருங்கால்வாய்களைப் பேணும் செலவு பைத்துல் மாலைச் சேர்ந்தது என்கிறார்.

அந்தப் பொறுப்பு நழுவியது. 869 முதல் 883 வரை நீடித்த ஸன்ஜ் கிளர்ச்சி தென்பகுதியைச் சிதைத்தது. பஸராவைச் சூழ்ந்த உவர்நிலத்தில் உப்புப் படிவைச் சுரண்டி அகற்றிய அடிமைகளும் அக்கிளர்ச்சியில் இருந்தனர். 937இல் இப்னு ராயிக், பஜ்கமின் படையைத் தடுக்க நஹ்ரவான் கால்வாயின் கரையை உடைத்தார். ஒரு நாள் போர்த்தந்திரம், விளைவோ தலைமுறைகளுக்கு! 945இல் பக்தாதைப் பிடித்த புவைஹிகள், ஊதியத்திற்கு ஈடாகப் படையினர்க்கு நிலவருவாயை ஒதுக்கினர். அவர்கள் ஒன்றைக் கறந்து பாழாக்கிவிட்டு வேறொன்று கேட்டனர் என வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹி வருந்துகிறார். குடியானவர் ஊரைவிட்டு ஓடினர். ஆளில்லாமையால் வாய்க்கால் தூர்ந்தது. வாய்க்கால் தூர்ந்ததால் எஞ்சியோரும் பெயர்ந்தனர். தியாலா ஆற்றுப்படுகையின் மேடுகளை ஆராய்ந்து ராபர்ட் ஆடம்ஸ் 1965இல் வெளியிட்ட நூலும், மங்கோலியர்க்கு முன்பே குடியிருப்புகள் சுருங்கியதைக் காட்டுகிறது.

இப்னு கல்தூன் 'முகத்திமா'வில் கூறுவது இங்கே நினைவுக்கு வருகிறது. மக்கள் பெருகினால் உழைப்பு தேவைக்கு மிஞ்சும். அம்மிச்சமே கைத்தொழிலும் செல்வமுமாகும். மக்கள் குறைந்தாலோ ஊற்றுகளும் வற்றும். கறக்காத மடி வற்றுவதுபோல், தோண்டி இறைக்காத ஊற்றும் நின்றுவிடும் என்கிறார். சிலர் இதை வெறும் உவமையென்று கடந்துவிடுகின்றனர். ஆனால் ஹூலாகுவின் படை வந்து சேர்ந்தபோது, நஹ்ரவானின் கீழ்ப்பகுதியில் நீர் நின்று நூறாண்டு ஆகியிருந்தது.