சட்டியில் மிஞ்சும் எண்ணெய்

சின்ன காஞ்சிபுரத்தில் மின்சாரம் வருவதற்கு முன் எண்ணெய்தான் வெளிச்சம். இலுப்பை, புங்கம், ஆமணக்கு என்று சுற்றுவட்டாரத்தில் காய்ப்பதை ஆட்டி விளக்கெரித்த காலம் அது. அப்படி ஆட்டியெடுக்கும் எண்ணெய் இன்ஜினையும் ஓட்டும் என்பது 1900-லேயே தெரிந்துவிட்டது. பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களில் மிகச் சிலருக்கே அது தெரிந்தது என்று ருடால்ஃப் டீசல் பின்னாளில் எழுதினார்.

அப்புறம் டீசல் மலிவாகக் கிடைத்தது. கிணற்றுமேட்டு ஆயில் இன்ஜின்கள் அதைக் குடித்தே தண்ணீர் இறைத்தன. 1990-ல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததும் அவற்றில் பல ஓய்ந்தன.

2003-ல் மத்தியத் திட்டக் குழு டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கு எண்ணெயை முன்வைத்தது. செடி தரிசிலேயே விளையும் என்றார்கள். செடி பிழைத்தது, காய் பிடிக்கவில்லை; அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் நம்பி நட்டவர்கள் பலர் பிடுங்கிப் போட்டார்கள். சோதித்துப் பார்க்காத பயிரை ஏழை விவசாயியின் தலையில் கட்டியது பெரிய தவறு.

இன்று எண்ணெய் மிஞ்சுவது வயலில் அல்ல, சட்டியில். வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வருகிற கூட்டத்துக்குப் போண்டாவும் பூரியும் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய் அது. கெட்டுப்போன எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018-ல் விதி வந்தது; அதைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது.

அப்படியே டேங்கில் ஊற்றினால் வண்டி ஓடத்தான் செய்யும், கொஞ்ச நாளைக்கு. டீசலைவிடப் பல மடங்கு கெட்டியான எண்ணெய் பொடித்துளியாகச் சிதறாமல் அரைகுறையாக எரிகிறது. நாசிலைக் கழற்றினால் முனையில் அடிப்பிடித்த பால் போலக் கரி அப்பியிருக்கும். அதனால் எண்ணெயை வடிகட்டி, ஈரம் போக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 60 டிகிரி சூட்டில் கலக்குகிறார்கள். தெளியவிட்டால் கிளிசரின் பழுப்பாக அடியில் இறங்கும். மேலே நிற்கும் இளமஞ்சள் திரவத்தைக் கழுவி உலர்த்தினால் பயோடீசல். மெத்தனால் விஷம், சட்டென்று தீப்பற்றும். வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை இல்லை.

2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்பது மத்திய அரசின் இலக்கு. நாடு இன்னும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. தள்ளுவண்டிக்காரரிடம் மிஞ்சுவது கொஞ்சம் எண்ணெய். அதற்காக எந்த லாரியும் வராது. அதனால் அது சாக்கடைக்குப் போகிறது, இல்லை மறுநாள் சட்டிக்கே திரும்புகிறது. சந்நிதித் தெருப் பக்கம் மாநகராட்சி ஒரு பீப்பாய் வைத்து, கொண்டுவருகிறவர் கையில் அன்றன்றே காசு கொடுக்க வேண்டும்.