மான்யமும் மானமும்

அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் சர்வகலாசாலையின் தலைவர் ஆலன் கார்பர் 2025-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி, தமது ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆசிரியர், மாணாக்கர், ஊழியர் யாவருக்கும் ஒரு நிருபம் விடுத்தார். யாரை மாணாக்கராகச் சேர்ப்பது, யாரை ஆசிரியராக நியமிப்பது, உள்ளே இருப்போரின் அபிப்பிராயங்கள் எவ்வாறு இருக்கின்றன என்ற விஷயங்களிலெல்லாம் அந்நாட்டு சர்க்கார் தலையிட முற்பட்டது. இணங்காவிட்டால் மான்யம் நின்றுபோகும் என்று எச்சரித்தது. இணங்க மாட்டோம் என்பதே அந்நிருபத்தின் சாரம். சர்க்காரின் நிபந்தனைக் கடிதத்தையும் யாவரும் வாசிக்கும்படி அவர் கூடவே வெளியிட்டு விட்டார். அன்றைய தினமே 220 கோடி டாலர் மான்யம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இச்செய்தியைப் படித்த நமது நண்பர் சிலர், "நம் தேசத்தில் இப்படி ஒரு சர்வகலாசாலைத் தலைவர் எக்காலத்திலாவது இருந்ததுண்டா?" என்று நம்மைக் கேட்டார்கள். கேள்வியிலே இருந்த ஏளனம் நமக்கு வருத்தத்தையே தந்தது. இருந்தார், அதுவும் சுதந்திர நாட்டில் அல்ல, அந்நிய ஆட்சியின் நடுவில், கஜானா காலியாகக் கிடந்த ஒரு சர்வகலாசாலையில் இருந்தார். அவர்தாம் கல்கத்தா சர்வகலாசாலையின் வைஸ் சான்ஸலராக விளங்கிய ஸர் ஆசுதோஷ் முகர்ஜி. சமீப காலத்தில் அவர் பெயர் தமிழ்நாட்டில் அதிகமாக அடிபடுவதில்லை. ஆகவே விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறோம்.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று சர்வகலாசாலைகளும் 1857-ம் வருஷத்தில் ஏற்பட்டவை. நெடுங்காலம் அவை பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் காரியாலயங்களாகவே இருந்து வந்தன. 1864-ல் பிறந்து, கணித சாஸ்திரத்தில் தேர்ந்து, பின் வக்கீல் தொழிலில் புகுந்து, 1904-ல் கல்கத்தா ஐகோர்ட் நீதிபதியான ஆசுதோஷர், 1906 முதல் 1914 வரை வைஸ் சான்ஸலர் பதவி வகித்தபோது இந்த நிலைமையை மாற்றத் துணிந்தார். சர்வகலாசாலை தானே கற்பிக்க வேண்டும், தானே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1914-ல் ஸயன்ஸ் காலேஜுக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அதற்கு வேண்டிய பெரும் பொருளைக் கொடுத்தவர்கள் தாரகநாத் பாலித், ராஸ்பிஹாரி கோஷ் என்ற இரு கனவான்கள். இருவரும் வக்கீல்கள். வக்கீல்களைப் பற்றி ஊரில் வழங்கும் வசைகளுக்குக் குறைவில்லை. நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவராதலால் இதை இங்கே குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

அவ்விருவரும் தங்கள் நன்கொடைப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை விதித்தார்கள். தங்கள் பணத்தில் ஏற்படும் ஆசிரியர் பதவிகளில் இந்தியர்களையே நியமிக்க வேண்டும் என்பதே அது. அந்த நிபந்தனையின் பயனாக ஏற்பட்ட பாலித் பதவிக்குத்தான் 1917-ல், சர்க்கார் நிதி இலாகா உத்தியோகத்தை உதறிவிட்டு, சம்பளம் குறைவென்று தெரிந்தும் சி. வி. ராமன் வந்து சேர்ந்தார். 1921-ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனைத் தத்துவ ஆசிரியராக வரவழைத்ததும் ஆசுதோஷரே. வங்காளத்தார் ஒருவர் தம் சர்வகலாசாலைக்கு ஆள் தேடியபோது மாகாணத்தைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தார்.

இவ்வளவும் செய்வதற்குப் பணம் வேண்டுமன்றோ? ஆசை வளர்ந்த வேகத்தில் வருமானம் வளரவில்லை. பரீட்சைக் கட்டணமே பிரதான வருவாய். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது மாணாக்கர் பலர் கலாசாலைகளை விட்டு வெளியேறவே, அதுவும் குன்றியது. முதுகலை ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது. ஆசுதோஷரிடமும் குற்றம் இல்லாமலில்லை. வரவைப் பாராமல் செலவைப் பெருக்கினார், ஸெனட்டைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு தனியரசு நடத்தினார் என்று சரித்திராசிரியர் ஜதுநாத் ஸர்க்கார் போன்றவர்கள் கண்டித்தார்கள். அவர்கள் அந்நியருக்குத் துணை போனவர்கள் அல்லர். அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது.

அச்சமயம் வங்காளத்தில் இரட்டையாட்சி நடந்து வந்தது. 1919-ம் வருஷத்துச் சட்டப்படி கல்வி இலாகா இந்திய மந்திரியிடம் வந்திருந்தது. மந்திரியாயிருந்தவர் பிரபாஸ் சந்திர மித்திரர். 1922-ல் வங்காள சர்க்கார் இரண்டரை லக்ஷம் ரூபாய் தருவதாகக் கூறியது; ஆனால் நிபந்தனைகளுடன். வரவு செலவுக் கணக்கு சர்க்காரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். செலவை அதிகரிக்கும் புதிய காரியம் எதிலும் சர்வகலாசாலை தன்னிச்சையாக இறங்கக்கூடாது. கேட்பதற்கு இவை நியாயமாகவே தோன்றும். கடன்பட்டவனிடம் கணக்குக் கேட்பதில் தவறென்ன என்று சட்டம் படித்தவன் முதலில் சொல்லுவான். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பாலித்தும் நிபந்தனை விதித்தவரே அல்லவா? ஆனால் இரண்டுக்கும் பெரிய பேதம் இருக்கிறது. பாலித்தின் நிபந்தனை அவர் கொடுத்த பணத்தோடு நின்றது. சர்க்காரின் நிபந்தனையோ, இரண்டரை லக்ஷத்தைக் கொடுத்து, சர்வகலாசாலையின் முழுக் கணக்கையும் வருங்கால வளர்ச்சியையும் விலைக்குக் கேட்டது.

1922 டிசம்பரில் ஸெனட் கூடியது. ஆசுதோஷர் நிலைமையை மறைக்கவில்லை. பணம் இல்லை என்றார். சர்க்கார் என்ன கேட்கிறது என்பதைச் சபையின் முன் வைத்தார். ஒரு கையில் பணத்தையும் மறு கையில் அடிமைத்தனத்தையும் நீட்டுகிறார்கள், அதை நாம் தொடக்கூடாது என்றார். செலவைக் குறைப்போம், உள்ளதைக் கொண்டு வாழ்வோம், வேண்டுமானால் வங்காளம் முழுவதும் வீடு வீடாகச் சென்று யாசிப்போம் என்றார். நமது ஆசிரியர்கள் சுதந்திரத்தை விடுவதைக் காட்டிலும் பட்டினி கிடக்கவே சம்மதிப்பார்கள் என்றும் சொன்னார்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நமக்கு நெடுநாள் ஆட்சேபம் இருந்தது. ஐகோர்ட் நீதிபதியின் சம்பளம் வாங்குகிற ஒருவர், மாதம் பிறந்தால் அரிசிக்கு வழி தேட வேண்டிய உபாத்தியாயரின் பசியைப் பணயம் வைக்கலாமா? வீரம் பேசுவது தலைவர். வயிறு காய்வது வேறொருவருக்கு. இக்கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் அந்தப் பசியை அறைக்குள் உட்கார்ந்து தாமே தீர்மானித்துவிடவில்லை. எல்லாரும் கேட்கச் சொல்லி, சபையின் தீர்ப்புக்கு விட்டார். 1904-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த அந்த ஸெனட்டில் மிகப் பெரும்பாலோர் நியமனம் பெற்றவர்கள். அத்தகைய சபையே நிபந்தனைகளை நிராகரித்தது.

ஹார்வர்டையும் கல்கத்தாவையும் ஒப்பிடுவோர் ஒரு வித்தியாசத்தை மறக்கலாகாது. ஹார்வர்டின் மூலதனம் 2024-ல் சுமார் 5,300 கோடி டாலராக இருந்தது. அது வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பர் 3-ந் தேதி பாஸ்டன் நகரத்து நீதிபதி அல்லிஸன் பரோஸ், மான்யத்தை நிறுத்தியது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். (அதே நாட்டில் கொலம்பியா சர்வகலாசாலை, அதே வருஷம் ஜூலையில், 20 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்து ராஜியாகிவிட்டது.) ஆசுதோஷரோ, நீதிபதியாக இருந்தும் போக ஒரு கோர்ட் இல்லாதவர். மான்யம் என்பது சர்க்காரின் இஷ்டம். நிபந்தனை விதிக்க அதற்குத் தடையில்லை. வேண்டாம் என்று சொல்வதைத் தவிர அவர் கையில் வேறு ஆயுதமே இருக்கவில்லை.

தேசீயவாதிகளாகிய நாமும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணாக்கர்கள் கலாசாலையை விட்டு வெளியேறுவதை ஆசுதோஷர் ஆதரிக்கவில்லை. அதற்காக அவருடைய சர்வகலாசாலையை அடிமைகளின் கூடம் என்று நம்மவர்கள் மேடைதோறும் தூற்றினார்கள். அந்தக் கூடத்தின் தலைவரே அடிமைத்தனத்தை வேண்டாமென்று தள்ளிய நாளில், தூற்றியவர்கள் வெட்கப்பட்டிருக்கத்தான் வேண்டும்.

நமது நாட்டுச் சர்வகலாசாலைகளில் இன்று வெளியாகும் சுற்றறிக்கைகளைப் பார்க்கிறோம். பட்டமளிப்பு விழா, விருந்தினர் வருகை, தரச் சான்று ஆகியவை தவறாமல் இருக்கின்றன. 2024-ல் மதுரை காமராஜர் சர்வகலாசாலையில் ஆசிரியரும் ஊழியரும் சம்பளத்துக்காகப் போராட நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கஜானாவில் எவ்வளவு இருக்கிறது, மான்யம் என்ன நிபந்தனையுடன் வருகிறது, எந்தக் கடிதத்துக்கு என்ன பதில் போயிற்று என்பவற்றை வைஸ் சான்ஸலர்கள் ஸெனட்டின் முன் வைக்க வேண்டுமென்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

ஆசுதோஷரின் பதவிக் காலம் 1923 ஏப்ரலில் முடிய இருந்தது. மார்ச்சு 24-ந் தேதி கவர்னர் லிட்டன் பிரபு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சர்க்காரை எதிர்க்காமல் அதனுடன் ஒத்துப்போவதாக வாக்களித்தால் மறுபடியும் நியமிக்கலாம் என்பது அதன் கருத்து. இரண்டு நாளில் பதில் போயிற்று. அவமானகரமான இந்தத் தயவு தமக்கு வேண்டாம் என்று ஆசுதோஷர் எழுதியிருந்தார். இரு கடிதங்களும் பத்திரிகைகளில் வெளிவந்தன. தேசமெங்கும் ஜனங்கள் படித்தார்கள். 1914-ல் சென்னைக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த பூபேந்திரநாத் பாஸு அவருக்குப் பின் வைஸ் சான்ஸலரானார். ஆசுதோஷர் அவ்வருஷ முடிவில் நீதிபதி பதவியிலிருந்தும் ஓய்வு பெற்று, மறுபடி வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டார். டும்ராவன் சமஸ்தான வழக்கை நடத்தப் பாட்னா சென்றவர், 1924 மே 25-ந் தேதி அங்கேயே காலமானார்.