தடம் பதித்த பீரங்கிகள் – 6: ஆவடியின் காடபல்ட்

ஜோலார்பேட்டை, ஆம்பூர், காட்பாடி வழியாகச் சென்னைக்குப் போகும் ரயில்கள் கடக்கும் ஆவடியில்தான் இந்தியாவின் முதல் கனரகத் தானே நகரும் பீரங்கி உருவானது. பெயர் காடபல்ட். சோவியத் ஒன்றியத்திடமிருந்து வாங்கிய 130 மி.மீ. எம்-46 பீரங்கியை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான விஜயந்தா டாங்கியின் அடிச்சட்டத்தில் ஏற்றியதுதான் அது.

இந்த வழியில் முன்பே நடந்து காட்டியது அமெரிக்கா. அவர்களுடைய 155 மி.மீ. ‘லாங் டாம்’ ஏறத்தாழ 14 டன் எடை கொண்டது. இழுவை வண்டியில் கட்டிக் கொண்டுபோய், தரையில் ஊன்றிச் சுடுவதற்குள் டாங்கிப் படை வெகுதூரம் முன்னேறிவிடும். ஆகவே 1942-43இல், முதல் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சு வடிவமைப்பிலான 155 மி.மீ. பீரங்கியை எம்-3 டாங்கியின் அடிச்சட்டத்தில் ஏற்றி எம்-12ஐச் செய்தார்கள். மொத்தம் 100தான் செய்யப்பட்டன.

கடினமான வேலை பின்னுதைப்பைச் சமாளிப்பது. டாங்கியின் பின்புறம் இருந்த இன்ஜினை நடுவுக்கு நகர்த்தி, காலியான இடத்தில் பீரங்கியைப் பொருத்தினார்கள். சுடுவதற்கு முன் வண்டியின் பின்னால் மண்வெட்டி போன்ற ஓர் இரும்புப் பலகை தரையில் இறங்கும். உதையின் பெரும்பங்கை அது மண்ணுக்குக் கடத்திவிடும். குண்டுகளுக்குத்தான் இடம் போதவில்லை. எம்-12இல் பத்துக் குண்டுகளே அடங்கியதால், மீதியைச் சுமக்க எம்-30 என்ற துணை வண்டி கூடவே வந்தது. 1944இல் ஐரோப்பாவில் இறங்கிய பிறகு, தொலைவிலிருந்து மட்டுமல்லாமல், ஜெர்மனியின் கான்கிரீட் அரண்களை நேருக்கு நேர் நின்றும் இவை உடைத்தன.

அடுத்து வந்த எம்-40, ஷெர்மன் டாங்கியின் அகலப்படுத்திய அடிச்சட்டத்தில் லாங் டாம் பீரங்கியையே சுமந்தது. பின்னர் கொரியப் போரிலும் சுட்டது. 1960களில் வந்த எம்-107இன் 175 மி.மீ. பீரங்கி, சுமார் 66 கிலோ குண்டை 32 கி.மீ.க்கு மேல் எறிந்தது. ஆனால் இவற்றிலும் குழலருகே நின்றவர்களுக்குக் கவசக் கூண்டு இல்லை.

காடபல்ட்டும் இந்த மரபுதான். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பிலிருந்து வந்த விஜயந்தா, 1965 முதல் ஆவடியில் தயாரானது. நீண்ட குழலைத் தாங்க அதன் அடிச்சட்டத்தை நீட்டி, பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூட்டினார்கள். எம்-46 சுமார் 33 கிலோ எடையுள்ள குண்டை 27 கி.மீ. எறியும். இழுத்துச் செல்லவேண்டியிருந்த அந்தப் பீரங்கி இப்போது டாங்கிகளோடு சேர்ந்தே ஓடியது. வீரர்களின் தலைக்கு மேல் ஓர் இரும்புக் கூரை உண்டு. பக்கங்கள் திறந்தே கிடந்தன. குழலை இடம் வலமாகக் குறிப்பிட்ட அளவுக்கே திருப்ப முடியும். அதற்கு மேல் என்றால் வண்டியையே திருப்ப வேண்டும். குறைகள் இருந்தும், 1980களில் ஏறத்தாழ 170 காடபல்ட்கள் படையில் சேர்ந்தன. கையில் இருந்த இரண்டை இணைத்துத் தேவையான மூன்றாவதை உண்டாக்கிய இந்தப் பணி, ஆவடிப் பொறியாளர்களுக்குப் பெருமை சேர்ப்பது.

முழுக் கவசமும் சுழலும் கூண்டும் கொண்ட பீரங்கிக்குத் தொடர்ந்து நடந்த முயற்சி எளிதில் கைகூடவில்லை. அர்ஜுன் டாங்கியின் அடிச்சட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனக் கூண்டை ஏற்றிய ‘பீம்’ திட்டம், 2005இல் அந்த நிறுவனம் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டதும் நின்றுபோனது. கடைசியில் தென்கொரிய கே-9 வடிவமைப்பைக் கொண்டு, லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் குஜராத்தின் ஹசீராவில் 155 மி.மீ. ‘வஜ்ரா’வைத் தயாரித்தது. 2017இல் ஒப்பந்தமான 100 பீரங்கிகளும் 2021க்குள் ஒப்படைக்கப்பட்டன. மேலும் 100க்கு 2024 டிசம்பரில் ஒப்பந்தமானது.